செத்த ஊரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ப்ராகிலிருந்து ஒருநாள் பயணமாக, செக் நாட்டின் பழைய வெள்ளிச் சுரங்க ஊரான குட்னா ஹோரா போயிருந்தேன். எலும்புகளால் அலங்கரித்த தேவாலயம் பார்த்தேன். ஒரு காலத்தில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) ப்ராகுக்கு அடுத்த நகரமாம். இன்று 20,000 பேர்தான். மதியம் தெருவில் ஆளே இல்லை, செத்த ஊர். உச்சத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஏன் இப்படிச் சுருங்கியது? ஒரு துறவியின் அங்கியால் ஊருக்குப் பெயர் வந்தது என்பது உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பெயர்க்கதையை விடுங்கள். துறவி கண்ணயர்ந்தார், வெள்ளியைக் கண்டார், அடையாளத்துக்கு அங்கியைப் போட்டுவிட்டு வந்தார். எந்த ஊருக்குத்தான் தலபுராணம் இல்லை?

ஆனால் 'செத்த ஊர்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மதியம் தெருவில் ஆளில்லை என்றால் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் பார்த்த எலும்புக் கோயிலுக்குப் பக்கத்திலேயே, பழைய மடாலயக் கட்டடத்தில், 1812 முதல் புகையிலை ஆலை ஓடுகிறது. அதைப் பார்க்காமல் மண்டையோடுகளைப் படமெடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறீர்கள்.

சுருங்கிய கதை சிக்கலானதல்ல. 1300-ல் பொஹீமிய அரசன் இரண்டாம் வென்செஸ்லாஸ் சுரங்கங்களுக்குத் தனிச் சட்டமே போட்டு, நாணயம் அடிக்கத் தெரிந்த ஃப்ளாரன்ஸ்காரர்களை வரவழைத்து, ப்ராக் க்ரோஷன் என்ற வெள்ளி நாணயத்தை அங்கே அடிக்க வைத்தான். மேலே இருந்த வெள்ளி தீரத் தீரக் கீழே போனார்கள். 'ஓசெல்' என்று ஒரு சுரங்கம், கழுதை என்று பொருள், 500 மீட்டரை எட்டியது. அந்த ஆழத்தில் தண்ணீரை இறைத்துக் கட்டுப்படியாகவில்லை. அதற்குள் யோவாகிம்ஸ்தால் என்ற வேறொரு பொஹீமிய ஊரில் புது வெள்ளி கிடைத்துவிட்டது (டாலர் என்ற சொல்லே அந்த ஊர் நாணயத்தின் வழியாக வந்ததுதான்). 1547-ல் க்ரோஷன் நின்றது. 1727-ல் நாணயச்சாலையையே மூடினார்கள்.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். பொஹீமியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசகுலத்தின் நாடுகளில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 1754-ல்தான். அதற்கு முன்னால் அரசாங்கம் எண்ணியதெல்லாம் காசை. வந்த நாணயத்துக்குக் கணக்கு உண்டு, சுரங்கத்தில் இறங்கியவனுக்கு இல்லை. நமக்கும் அதே புத்தி. தலை குறைந்தால் ஊர் செத்துவிட்டது, கூடினால் வளர்ந்துவிட்டது. அப்படியானால் நம் புறநகர்களெல்லாம் சொர்க்கமாக இருக்க வேண்டுமே!

நானும் அங்கே போயிருக்கிறேன். ஹ்ராடெக் என்ற பழைய மாளிகையில் வெள்ளி அருங்காட்சியகம். அங்கிருந்து பழைய சுரங்கத்துக்குள் கூட்டிப்போவார்கள்; இறங்குமுன் ஒரு வெள்ளை அங்கி, தலைக்கவசம், விளக்கு தருவார்கள். சுரங்கத் தொழிலாளியின் பழைய உடுப்பு அதுதான். இருட்டில் ஆள் தெரிய வேண்டுமென்று வெள்ளை. என் தொப்பைக்கு அங்கி பிடித்தது, பாதைதான் பிடிக்கவில்லை. ஓரிடத்தில் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துக்கொண்டு நகர வேண்டியிருந்தது. முழங்கை பாறையில் உரசியது. அந்தப் பாறை முழுக்க உளித்தழும்பு. தொட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட இல்லை. சுத்தியலும் உளியுமாக அதை ஒருவன் ஒவ்வோர் அடியாகத் திறந்திருக்கிறான். வழிகாட்டி விளக்கை அணைக்கச் சொன்னாள். எல்லோரும் அணைத்தோம். என் கையையே என்னால் பார்க்க முடியவில்லை. பின்னால் ஒரு குழந்தை அம்மாவைக் கூப்பிட்டது.

மேலே வந்ததும் புனித பார்பரா கோயிலுக்குப் போனேன். சுரங்கத்தார்க்குக் காவல் அவள். 1388-ல் ஆரம்பித்த கட்டடம், போரும் பணமுடையுமாக நின்று நின்று 1905-ல்தான் முடிந்தது. உள்ளே ராஜா சிலையைத் தேடவில்லை. அதே வெள்ளை அங்கியில் ஒரு தொழிலாளி, கையில் விளக்கோடு நிற்கிறான். அரைமணி நேரம் அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் அவனைப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. கோபம் அதனால்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடி போனால் ஒரு இரவு தங்குங்கள். குளிர்காலத்தில் போகாதீர்கள், சுரங்கத்தை மூடியிருப்பார்கள்.