கடப்பிதழ் உங்கள் கையில் இருக்கட்டும்: மலேசியாவிலிருந்து தரைவழியாக ஹட்யாய், கேள்வி பதில்

கேள்வி (ஈப்போ): ஐயா, எழுபது வயது அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தென் தாய்லாந்து நகரமான ஹட்யாய் செல்ல நினைக்கிறேன். எது பாதுகாப்பான வழி?

பதில்: ரயில்தான். ஈப்போவிலிருந்து இ.டி.எஸ் மின்சார ரயில் நேராக எல்லை ஊரான பாடாங் பெசார் வரை செல்கிறது. அந்த நிலையத்தின் சிறப்பு என்னவென்றால், மலேசியக் குடிநுழைவு முகப்பும் தாய்லாந்து முகப்பும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன. முதலில் நம் பக்கம் வெளியேறும் பதிவு, சில அடிகள் நடந்தால் அவர்கள் பக்கம் நுழையும் முத்திரை. அம்மா வெயிலில் நிற்க வேண்டியதில்லை, லாரிகளுக்கு நடுவே பெட்டியை இழுத்துக்கொண்டு சாலையைக் கடக்கவும் வேண்டியதில்லை. அங்கிருந்து ஹட்யாய்க்குத் தாய்லாந்து ரயில்வேயின் சிறு ரயில் காலையிலும் பிற்பகலிலும் புறப்படுகிறது; ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்தங்கியது என்பதை மறவாதீர்கள். போகும்போது அதனால் காத்திருப்பு மட்டுமே கூடும். திரும்பும்போதோ அதே ஒரு மணி நேரத்தை இழப்பீர்கள், ஈப்போ ரயிலைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தவறவிடுகிறார்கள்.

கேள்வி (பினாங்கு): வேனில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் விடுதி வாசலில் இறக்கிவிடுகிறார்கள். ரயில், ரயில் என்று ஏன் மக்களை அலையவிடுகிறீர்கள்?

பதில்: வேனே கூடாது என்று நான் சொல்லவில்லை, எந்த வேன், எந்த நேரம், யார் ஓட்டுகிறார் என்று பார்க்காமல் ஏறக் கூடாது என்கிறேன். 2017 ஜனவரி 2 அன்று தாய்லாந்தின் சொன்புரி மாநிலத்தில் பயணிகள் வேன் ஒன்று எதிர்த்தடத்துக்குப் பாய்ந்து, பிக்-அப் வண்டியோடு மோதித் தீப்பிடித்தது. 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்நாட்டு அரசு வேன்களின் இருக்கைகளை 13 ஆகக் குறைத்து, பின்கதவு வழியாக வெளியேற இடம் விடச் சொன்னது. ஆகவே ஏறுவதற்கு முன் பின்கதவை மறைத்துப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் இருக்கையின் வார் கொக்கியில் மாட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள்; பல வேன்களில் வார் இருக்கும், மாட்டும் கொக்கி இருக்கைக்கு அடியில் புதைந்து கிடக்கும். ஓட்டுநர் அன்று ஏற்கெனவே ஒரு நடை போய் வந்தவரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (கிள்ளான்): வேன் ஓட்டுநர் எல்லாருடைய கடப்பிதழையும் வாங்கிக்கொண்டு தானே முத்திரை போட்டு வருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. நீங்களே இறங்கி, நீங்களே வரிசையில் நின்று, முத்திரையில் உள்ள தேதியையும் எதுவரை தங்கலாம் என்ற தேதியையும் முகப்பை விட்டு நகர்வதற்கு முன் படியுங்கள். தேதி தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம். ஓட்டுநர் அதைக் கட்டமாட்டார்.

கேள்வி (பினாங்கு நண்பர் மீண்டும்): ஒரு வேன் விபத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள். பேருந்து கவிழவில்லையா?

பதில்: கவிழ்ந்தது, அதை மறைக்க மாட்டேன். 2013இல் கெந்திங் மலைச்சாலையில் 37 பேர், 2025 ஜூனில் கெரிக் அருகே பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் மரணத்துக்குப் பிறகு, ஜூலை 1 முதல், விரைவுப் பேருந்துகளில் இருக்கை வார் அணிவதை நம் அரசு கட்டாயமாக்கி நடைமுறைப்படுத்தியது. பேருந்தா வேனா என்பதைவிட வார், ஓய்வெடுத்த ஓட்டுநர், பகல் நேரம் ஆகிய மூன்றும் முக்கியம் என்பதற்கே இதுவும் சான்று. நள்ளிரவில் கிளம்பி விடியலில் எல்லைக் கதவு திறக்கக் காத்திருக்கும் சேவைகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி (பட்டவொர்த்): அண்ணா, நான் தனியாகப் பயணம் செய்யும் பெண். புக்கிட் காயு ஹித்தாம் எல்லைச் சாவடி வழியாகப் பகல் வேனில் சென்று வந்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. பினாங்கு நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பதில்: இருக்கிறது, தங்கையே. நீங்கள் பகலில், உரிமம் உள்ள நிறுவனத்தின் வேனில், சீட்டோடு சென்றிருக்கிறீர்கள். என் கவலையெல்லாம் குறைந்த விலை சொல்லிப் பேருந்து நிலையத்தில் ஆள் பிடிக்கும் உரிமமற்ற வாடகை வண்டிகளான கெரேத்தா சாப்பு பற்றியது. அதில் விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. உங்களுக்கோ பட்டவொர்த்திலிருந்து பாடாங் பெசாருக்குக் கொமியூட்டர் ரயில் இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறது; அடுத்த முறை அதையும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி (கோத்தா பாரு): ரந்தாவ் பாஞ்சாங் வழியாக எல்லைக்கு அப்பால் உள்ள சுங்கை கோலோக் போய், அங்கிருந்து ரயிலில் ஹட்யாய் போகலாமே? எல்லை ஆற்றைப் படகில் கடந்தால் இன்னும் சுலபம் என்கிறார்கள்.

பதில்: படகு சட்டவிரோதம். 2024 டிசம்பர் 1 முதல் கிளந்தான் காவல்துறை அதைக் கண்டிப்பாகத் தடுக்கிறது, முத்திரை இல்லாமல் அக்கரையில் நிற்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. பாலம் வழியாக முறையாகச் சென்றாலும் நாராத்திவாட், யாலா, பட்டானி மாநிலங்களில் 2004 முதல் ஆயுதக் கலவரம் ஓயவில்லை. அந்த ரயில் பாதையும் அவற்றின் ஊடாகத்தான் போகிறது. குடும்பத்தோடு என்றால் மேற்குக் கரைக்கு வந்து கடந்து செல்லுங்கள். தூரம் கூடும், இருந்தாலும் அதையே சொல்வேன்.

கேள்வி (சிரம்பான்): கடப்பிதழை ஓட்டுநரிடம் கொடுத்தால் வரிசையில் நிற்க வேண்டாமாமே?

பதில்: கிள்ளான் அன்பருக்குச் சொன்னதே உங்களுக்கும். கடப்பிதழுக்குள் பணம் வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்க இருப்பவர்களும் கேட்க வேண்டாம். கட்டணம் என்று யாராவது சொன்னால் ரசீது கேளுங்கள்.

கேள்வி (அலோர் ஸ்டார்): சொந்தக் காரில்?

பதில்: வாகனப் பதிவுச் சான்று, தாய்லாந்துக் காப்புறுதி, கார் உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம். இவை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கேள்வி (தைப்பிங்): ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் போகலாமா?

பதில்: 2025 நவம்பரில் ஹட்யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கி, நம் நாட்டுப் பயணிகள் விடுதி மாடிகளில் சிக்கிக்கொண்டார்கள். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நவம்பர், டிசம்பரில் போவதாக இருந்தால், பணம் திரும்பக் கிடைக்கும் சீட்டாக வாங்குங்கள். கனமழை எச்சரிக்கை வந்துவிட்டால் புறப்படாதீர்கள்.

கேள்வி (மதுரை): நான் இந்தியக் கடப்பிதழோடு கோலாலம்பூர் வந்து, அங்கிருந்து ரயிலில் போகிறேன். விசா வேண்டுமா?

பதில்: விசா விதிகள் மாறுகின்றன, தாய்லாந்துத் தூதரகத்திடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் நான் சொல்லலாம்: 2025 மே 1 முதல் தாய்லாந்து செல்லும் வெளிநாட்டவர் அனைவரும், தரைவழியாக வந்தாலும், மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அன்று, மூடிவிடுங்கள்.