தீபாவளியும் பொங்கலும் போர்க்கப்பலில்: ஓய்வுபெற்ற கடற்படை சீஃப் பதில் சொல்கிறார்

இந்தியக் கடற்படையில் ரேடார் பிரிவில் சீஃப் பெட்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சோமாலியக் கொள்ளையரைத் தடுக்கும் ஏடன் வளைகுடா ரோந்துக்குப் பல முறை போயிருக்கிறேன். அதனால் பண்டிகை நாளில் கப்பலில் என்ன நடக்கும் என்று கேட்டால் பதில் சொல்ல முடியும். ஒரே நிபந்தனை: உங்கள் வீட்டுப் பிள்ளை இருக்கும் கப்பலின் பெயர், அது நிற்கும் துறைமுகம், திரும்பும் தேதி எதையும் எழுதாதீர்கள்.

நாகர்கோவில், மாலுமியின் அம்மா: மூணு வருஷமா தீபாவளிக்கும் இல்ல, பொங்கலுக்கும் இல்ல. வேணும்னே பண்டிகை நேரமாப் பாத்து அனுப்புறாங்களா ஐயா?

இல்லை அம்மா. காற்றுதான் காரணம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைப் புரட்டி எடுக்கும். சோமாலியக் கொள்ளையர்கள் வருவது அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய சின்னப் படகில். ஸ்கிஃப் என்போம். அந்த அலையில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அக்டோபரில் கடல் அடங்கியதும் கிளம்பிவிடுவார்கள். கடல் அடங்கியிருக்கும் அந்த மாதங்களில்தான் நமக்குத் தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் மூன்றும் வருகின்றன. ஏடன் வளைகுடாவில் நம் கடற்படை ரோந்தைத் தொடங்கியதே 2008 அக்டோபர் 23 அன்றுதான். நான்கைந்து நாளில் தீபாவளி.

அதன்பிறகும் கதை இதேதான். 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, கெம் புளூட்டோ என்ற எண்ணெய்க் கப்பலை ட்ரோன் தாக்கியது. அதற்குப் பிறகு அரபிக்கடலில் நம் போர்க்கப்பல்களின் எண்ணிக்கை கூடியது. 2024 ஜனவரி 5 அன்று லீலா நார்ஃபோக் என்ற சரக்குக் கப்பலில் சிக்கிய 21 பேரை மீட்க ஐஎன்எஸ் சென்னை போனது. அவர்களில் 15 பேர் இந்தியர். அந்த வருடப் பொங்கலுக்கு எத்தனை வீடுகளில் பிள்ளை இல்லாமல் பானை ஏறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மகன் மட்டும் தனியாக இல்லை.

சிவகாசி: கப்பல்ல பட்டாசு உண்டா?

கிடையாது. ஒரு கம்பி மத்தாப்புகூடக் கிடையாது. கீழே வெடிமருந்துக் கிடங்கு, பின்னால் ஹெலிகாப்டர் எரிபொருள். அதோடு, கடலில் சிவப்பு நட்சத்திரம் சிதறும் ராக்கெட் மேலே போனால் சர்வதேச விதிப்படி அதற்கு ‘ஆபத்து, உதவி வேண்டும்’ என்று பொருள். பார்த்த கப்பல் பாதையை மாற்றி வந்து நிற்கும். அகல் விளக்கும் ஏற்ற முடியாது, பேட்டரி விளக்குதான்.

கும்பகோணம்: எண்ணெய்க் குளியலாவது உண்டா அண்ணே?

உண்டு! ராத்திரி 12 முதல் 4 வரை மிடில் வாட்ச். வாட்ச் என்றால் முறைவைத்துப் பார்க்கும் காவல் பணி. மற்ற நாளில் அந்த வாட்ச் யாருக்கும் பிடிக்காது. தீபாவளியன்று மட்டும் தமிழ்ப் பையன்கள் அதை மாற்றிக் கேட்டு வாங்குவார்கள். 4 மணிக்கு இறங்கி வந்தால் குளியலறை காலியாக இருக்கும், விடிவதற்கு முன் தலைக்கு ஊற்றிக்கொள்ளலாம். லாக்கரில் துணிக்கு நடுவே சுருட்டி வைத்த சின்ன பாட்டில் நல்லெண்ணெய், ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய சீயக்காய்ப் பொட்டலம். உட்கார்ந்துதான் தேய்க்க வேண்டும். கப்பல் ஆடும், கால் வழுக்கும், சுற்றிலும் இரும்பு. குடிநீரும் குளிக்கிற நீரும் கடல் நீரைச் சுத்திகரித்து எடுப்பது. எஞ்சினியர்கள் கணக்குப் பார்ப்பார்கள், அதனால் இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும். தரையில் சிந்திய எண்ணெயைத் துடைத்துவிட்டு வாருங்கள். அடுத்து வருகிறவன் ஏணியில் வழுக்கி விழுந்தால் உங்கள் தீபாவளி அவனுக்கு மாவுக்கட்டில் முடியும்.

திண்டுக்கல்: அக்னிவீர்ல சேர என்ன படிக்கணும்?

கடற்படையின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் எல்லாம் இருக்கிறது. அதைப் பாருங்கள் தம்பி.

திருச்சி, பள்ளி ஆசிரியை: பண்டிகை அன்று நீங்கள் பார்த்த வேலையில் ஒன்றைச் சொல்லுங்கள். மாணவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

சொல்கிறேன் டீச்சர். ஆபரேஷன்ஸ் ரூமில் ஜன்னல் கிடையாது. உள்ளே இருட்டு, ஏசி குளிர், திரைகளின் வெளிச்சம் மட்டும். வெளியே தீபாவளியா அமாவாசையா என்று அங்கே ஒன்றும் தெரியாது. ஏடன் வளைகுடாவில் வணிகக் கப்பல்கள் போக 490 கடல் மைல் நீளத்துக்கு ஒரு பாதை வகுத்திருக்கிறார்கள். அதில் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து அழைத்துப் போவது எங்கள் வேலை.

ஒரு தீபாவளிக் காலையில் எண்ணெய்க் கப்பல் ஒன்றை நோக்கி இரண்டு சிறு புள்ளிகள் வேகமாக வந்தன. சிறு படகு ரேடாரில் ஒழுங்காகத் தெரியாது. அலை உச்சியில் இருக்கும்போது தெரியும், பள்ளத்தில் இறங்கினால் மறையும். இரண்டையும் விடாமல் குறித்துக்கொண்டே இருந்தோம். சேத்தக் ஹெலிகாப்டர் எழும்பிப் போனது. எல்லோரும் காதில் மாட்டிய ஹெட்செட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது ஒரே ஒரு சொல்லுக்காக: ஏணி இருக்கிறதா, இல்லையா? வலை, மீன், தூண்டில் எல்லாம் கொள்ளையன் படகிலும் இருக்கும். துப்பாக்கி சில மீனவர்களிடமும் உண்டு. பெரிய கப்பலில் தொற்றி ஏற, நுனியில் கொக்கி வைத்த நீள ஏணி மட்டும் மீனவனுக்குத் தேவையே இல்லை. ‘ஏணி இல்லை, மீனவர்கள்தான்’ என்று விமானி சொன்னார். மீன் கூட்டத்தைத் துரத்தி வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்று மதியம் பாராகானா. அதிகாரிகளும் மாலுமிகளும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து அது, அதிகாரிகளே பரிமாறுவார்கள். எங்கள் வாட்ச் முடிந்து போவதற்குள் பந்தி முடிந்துவிட்டது. எங்கள் ஆறு தட்டையும் மூடி எடுத்துவைத்திருந்தார்கள். கப்பலின் இரண்டாம் அதிகாரி திரும்ப வந்து, தன் கையால் பரிமாறினார்.

தூத்துக்குடி, சரக்குக் கப்பல் எஞ்சினியர்: நேவியில் முந்நூறு பேர், டாக்டர், ஆயுதம் எல்லாம் உண்டு. எங்கள் கப்பலில் மொத்தம் இருபத்திரண்டு பேர், தமிழ் பேச நான் ஒருவன். பண்டிகைத் தனிமையைப் பற்றி எங்களைக் கேளுங்கள்.

நீங்கள் சொல்வது உண்மை. மாலுமிகள் சேர்ந்து தங்கும் மெஸ் டெக்கில் என் பங்க் படுக்கைக்கு மேலே ஒருவன், கீழே ஒருவன், பக்கத்தில் ராமநாதபுரத்துக்காரன். உங்களுக்கு அது இல்லை.

கோவை, முன்னாள் கடற்படை வீரர்: இதை ஒப்புக்கொள்ள மாட்டேன் சீஃப். அவர்களுக்கு டாலர் சம்பளம், ஒப்பந்தம் முடிந்தால் வீடு. நமக்கு உத்தரவு வந்தால் தீபாவளிக்கு முந்தின ராத்திரியும் கிளம்ப வேண்டும்.

கிளம்பினோம், திரும்பியும் வந்தோம். அஸ்ஃபால்ட் வென்ச்சர் கப்பலை நினைத்துப் பாருங்கள். 2010 செப்டம்பரில் 15 இந்தியர்களோடு அந்தச் சரக்குக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர்கள் கடத்தினார்கள். 2011 ஏப்ரலில் பணம் வாங்கிக்கொண்டு கப்பலையும் எட்டுப் பேரையும் விட்டுவிட்டு, ஏழு பேரைக் கரைக்கு இழுத்துப் போனார்கள். அதற்குக் காரணம் நாம். அந்த வருடம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நம் கடற்படையும் கடலோரக் காவல் படையும் 120 கொள்ளையரைப் பிடித்திருந்தன. அவர்களை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்றார்கள். ஏழு பேரும் விடுதலையானது 2014 அக்டோபர் கடைசியில், அந்த வருடத் தீபாவளியும் போன பிறகு. 2010 முதல் 2014 வரை ஐந்து தீபாவளி. அந்த வீடுகளிடம் போய் டாலர் சம்பளத்தைப் பற்றிப் பேச முடியுமா?

சென்னை, கல்லூரி மாணவர்: அப்படியென்றால் கொள்ளையரைப் பிடித்ததே தவறா சார்?

தவறில்லை. அந்த 120 பேர் வந்தது பெரும்பாலும் கடத்திய மீன்பிடிக் கப்பல்களில்தான். அவற்றின் சொந்த மீனவர்கள் உள்ளே பணயக் கைதிகளாக இருந்தார்கள், தாய்லாந்துக் கப்பல்கள் இரண்டும் அதில் அடக்கம். பிடிக்காமல் விட்டிருந்தால் அந்த மீனவர்கள் கதி என்ன? ஒருவரை மீட்டதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார். அதை மறக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மீண்டும் தூத்துக்குடி எஞ்சினியர்: நன்றி சீஃப். ஒரு முறை கான்வாயில் போனபோது இந்தியப் போர்க்கப்பல் வயர்லெஸில் தீபாவளி வாழ்த்துச் சொன்னது. எங்கள் கேப்டன் சேனல் 16இலேயே பதில் வாழ்த்து சொன்னார், அழுதுவிட்டேன்.

படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் சேனல் 16 வாழ்த்துக்கு இல்லை, அது ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரிய பொது சேனல். அழைத்ததும் வேறு சேனலுக்கு மாறிவிடுங்கள். நீங்கள் வாழ்த்துகிற அந்த நிமிடத்தில் ஒருவன் ‘மேடே’ என்று உயிர் காக்க உதவி கேட்டுக்கொண்டிருப்பான்.

சேலம்: அக்னிவீர் சம்பளம் எவ்வளவு?

திண்டுக்கல் தம்பிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

காரைக்குடி: பொங்கல் பொங்கும்போது என்ன செய்வீர்கள்?

ஆடுகிற கப்பலில் எந்தப் பாத்திரத்தையும் சமையற்காரர் முழுக்க நிரப்ப மாட்டார். கொதிக்கிற பால் காலில் கொட்டினால் ஆள் படுத்துவிடுவார். எங்கள் கப்பல் சமையலறையில் ஆந்திரக்காரர் ஒருவர் வழி கண்டுபிடித்தார்: ஆழமான தட்டுக்குள் சின்னப் பாத்திரத்தை வைத்துப் பாலை ஊற்றினார். பொங்கியது தட்டோடு நின்றது. பஞ்சாபிகளுக்கு லோஹ்ரி, அசாமியருக்கு பிஹு, மற்றவர்களுக்கு சங்கராந்தி, எல்லாம் அதே இரண்டு மூன்று நாளில்தான். ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்தியதில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது.

ஈரோடு: கணவரின் கப்பல் நாளை மறுநாள் ▪▪▪ துறைமுகத்துக்கு வருகிறதாம்…

பெயரை அழித்திருக்கிறேன். தயவுசெய்து, இனி எங்கும் எழுதாதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடாதீர்கள். 2019 டிசம்பரில் வேவு பார்த்த வழக்கில் மாலுமிகள் பிடிபட்ட பிறகுதான் கப்பல்களில் ஸ்மார்ட்போனையும் ஃபேஸ்புக்கையும் தடை செய்தார்கள். மாலுமியின் வாயைக் கட்டிவிட்டு வீட்டார் சொல்லிவிட்டால் என்ன பயன்? கப்பல் எங்கே என்று தெரிந்தால் எதிரிக்கு அதுவே போதும்.

மதுரை: நீர்மூழ்கிக் கப்பலில் எப்படி?

நான் அதில் இருந்ததில்லை. இருந்தவர்களைக் கேளுங்கள்.

விழுப்புரம்: பெண்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். பெண் அக்னிவீரர்களின் முதல் அணி 2023 மார்ச்சில் ஒடிசாவின் ஐஎன்எஸ் சில்காவில் பயிற்சி முடித்தது.

நெய்வேலி: அமெரிக்கக் கப்பல்களில் எப்படிக் கொண்டாடுவார்கள்?

அவர்களிடம் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. டெக் லாக் என்பது கப்பல் எங்கே, எந்த எஞ்சின் ஓடுகிறது என்று வறட்டுத்தனமாக எழுதும் பதிவேடு. ஜனவரி 1 பிறக்கும் நள்ளிரவு வாட்ச்சின் பதிவை மட்டும் கவிதையாக எழுதலாம். நங்கூரத்தையும் கொதிகலனையும் எதுகை மோனையோடு எழுதுவார்கள். நம் கப்பல்களிலும் பொங்கலன்று ஒரு வெண்பா எழுதவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தர்மபுரி: அக்னிவீர்…

இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

சிவகங்கை, மாலுமியின் மனைவி: தீபாவளியன்று அவர் சாட்டிலைட் போனில் கூப்பிடுவார். சில நிமிஷம்தான். என்ன பேசட்டும் அண்ணா?

வீட்டில் என்ன பலகாரம், யார் வந்தார்கள், பிள்ளை எந்தச் சட்டை போட்டான், இதையெல்லாம் சொல்லுங்கம்மா. அவருக்கு வேண்டியது அதுதான். பள்ளிக் கட்டணம், வங்கிக் கடன், நாத்தனார் சண்டை எல்லாவற்றையும் மெயிலில் எழுதுங்கள், ஆற அமரப் படித்து யோசித்துப் பதில் போடுவார். வீட்டில் யாருக்காவது உடம்பு மிகவும் முடியாமல் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். கிளம்பும்போது அவர் கொடுத்துவிட்டுப் போன அலுவலக எண்ணுக்கு உடனே பேசுங்கள், அவருடைய நலனைக் கவனிக்கும் டிவிஷனல் ஆபீசருக்குச் செய்தி போய்விடும்.

போனில் குரல் கொஞ்சம் தாமதித்துத்தான் போய்ச் சேரும். நீங்கள் பேசி முடித்ததும் நிறுத்துங்கள், அவர் பதில் வரட்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ‘ஹலோ ஹலோ’ என்றே நேரத்தைத் தீர்த்துவிடுவீர்கள். நடுவில் லைன் அறுந்தால் பயப்படாதீர்கள். கப்பல் திசை திரும்பும்போது ஆன்டெனாவுக்கும் செயற்கைக்கோளுக்கும் குறுக்கே கொடிமரம் வந்துவிடும், சிக்னல் போய்விடும். அவ்வளவுதான்.