ஸ்டாம்ப் பேப்பரும் கைக்காசும்

அன்புள்ள ஐயா,
ஏழாண்டுப் போர்ல பிரெஞ்சுக்காரங்ககிட்டேர்ந்து அமெரிக்கக் காலனிகளைக் காப்பாத்தினது பிரிட்டன். அந்தப் போருக்கு வாங்கின கடன்ல ஒரு பங்கு கேட்டது தப்பா? டீக்கு ராத்தலுக்கு 3 பென்ஸ்தான் வரி, 1773-ல டீ விலை இறங்கக்கூட செஞ்சுது. அப்புறமும் பாஸ்டன்ல 342 பெட்டியைக் கடல்ல கொட்டினது நன்றிகெட்டதனம் இல்லையா?
ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்த அன்னிக்கு அப்பாவோட டிரங்குப் பெட்டியைக் குடைஞ்சிட்டு இருந்தேன், எழுதாத ஸ்டாம்ப் பேப்பர் ஒண்ணு கிடைச்சுது. அதான் உடனே எழுதுறேன்.

டீயை விடு, அது கடைசியில வந்தது. சண்டை 1765-ல லண்டன் போட்ட ஸ்டாம்ப் சட்டத்துலயே, அதாவது முத்திரை வரியிலயே, ஆரம்பிச்சாச்சு. கடன் நிஜம்தான், 7 கோடி பவுண்டு சொச்சம் இருந்தது போர் முடியறப்ப 13 கோடி கிட்ட போயிடுச்சு. ஆனா நன்றிகெட்டவங்கன்னு எழுதினியே, படிச்சிட்டுத்தான் எழுதினியா? அந்தப் போருக்கு அவங்களும் ஆள் அனுப்பி செத்திருக்காங்க, லண்டன் கேட்டப்ப அந்தந்த காலனி சபை கூடி தானே வரி போட்டுக் கொடுத்திருக்கு. ஸ்டாம்ப் பணம் பழைய கடனுக்கும் இல்ல, அங்கயே நிறுத்தி வெச்ச 10,000 சிப்பாய்ங்க செலவுக்கு. அதே போர் நம்ம வந்தவாசியிலயும் நடந்துச்சு, 1760-ல. அந்தச் செலவு ஆற்காடு நவாப் தலையில விழுந்த கதை தனி.

நான் சொல்ல வர்றது வேற. பத்திரம், உயில், நியூஸ் பேப்பர், சீட்டுக்கட்டு எல்லாத்துக்கும் முத்திரை வேணும்னாங்க, சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், வக்கீல் லைசென்சுக்கு 10 பவுண்டு. அதை ஸ்டெர்லிங்ல, அதாவது பிரிட்டன் காசுலதான் கட்டணும். அங்க எவன் கையில ஸ்டெர்லிங் இருந்துச்சு? காலனி அச்சடிச்ச காகிதப் பணத்துலயும் கணக்குப்புத்தகக் கடன்லயும்தான் ஊரே ஓடுச்சு, முந்தின வருஷம்தான் லண்டன்காரன் இனிமே அடிக்கிற காகிதம் கடன் தீர்க்கச் செல்லாதுன்னு சட்டம் போட்டிருந்தான். கையில இருக்கிற காசு செல்லாது, செல்ற காசு கையில இல்ல. மூணு பென்ஸா முப்பது பென்ஸான்னு கேக்காத தம்பி, எந்தக் காசுல கேட்டான், யாரைக் கேட்டு முடிவு பண்ணான்னு கேளு.

அப்பா பத்திரம் எழுதுறவர், ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிர்ல வேப்பமரத்தடியில சாய்வு மேசை போட்டிருப்பார். ஒருநாள் பொண்ணு பேருக்கு அரை ஏக்கர் எழுதி வைக்க ஒரு பெரியவர் வந்தார், ரெண்டு மூட்டை மிளகாயோட. சந்தை கூடல, மிளகாய் விக்கல. இடுப்பு முடிச்சை அவுத்து காசை மேசையில அடுக்கி எண்ணினார், முத்திரைக்கு நாப்பது ரூபா குறைஞ்சுது. கேவலமா திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பார், அந்த ஆபீஸ்ல இருந்தவர் தலையே தூக்காம "அடுத்த ஆளு"ன்னார். பெரியவர் காசையெல்லாம் ஒவ்வொண்ணா பொறுக்கி மறுபடி முடிஞ்சுக்கிட்டு, மூட்டையைத் தூக்கிட்டு வெயில்ல நடந்தார். அப்பா பாதி எழுதின வரைவை மடிச்சு மேசை டிராயர்ல வெச்சுட்டு, அன்னிக்கு முழுக்க என்கிட்ட பேசவே இல்ல.