அறைக்குள் ஒரு தெரு

கேள்வி: ஐயா, பினாங்கில் முதுகலை படிக்கும் என் மகள் லிட்டில் இந்தியாவை மெய்நிகர் உலகமாகக் கணினியில் உருவாக்குகிறாள். ஆய்வுக்கூடமோ எங்கள் வீட்டுக் கூடம் அளவுதான். அதற்குள்ளேயே குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து லெபோ பசார் வரை நடக்கலாம் என்கிறாள். நம்பலாமா?
— ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: நம்பலாம் அம்மா, ஆனால் முழுதாக அல்ல. இந்த வித்தையை 2001-இலேயே வட கரோலினா பல்கலைக்கழகத்தில் செய்து காட்டிவிட்டார்கள். முகத்தில் மாட்டும் கருவிக்குள் தெரியும் காட்சியைக் கணினி நைசாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். நேராகப் போவதாக நினைத்து நாம் வளைந்து நடப்போம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பைவிடக் கண்ணைத்தான் மூளை அதிகம் நம்புகிறது. பழைய இயற்பியல் வாத்தியாரான எனக்கு இதில் பெரிய ரசனை!

சிக்கல் இடத்தில்தான். ஆளுக்குத் தெரியாமல் வளைக்க, குறைந்தது 22 மீட்டர் ஆரமுள்ள வட்டம் வேண்டும் என்று 2010-இல் வந்த ஜெர்மன் ஆய்வு சொல்கிறது. உங்கள் கூடம் அவ்வளவு பெரிதா என்ன?

ஆனால் நின்ற இடத்தில் திரும்பும்போது ஏமாற்றுவது சுலபம். காட்சி திரும்புவதைவிட உடம்பு 49 சதவீதம் கூடுதலாகத் திரும்பினாலும் பிடிபடவில்லை என்கிறது அதே ஆய்வு. அதனால் பூக்கடை, வடைக்கடை என்று வழி நெடுக நிறுத்தி வேடிக்கை பார்க்க வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் நீங்களும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். தலை சுற்றினால் உடனே கழற்றிவிடுங்கள், மகள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.