மானியக் கணக்கில் எங்கே கை வைப்பது?

கேள்வி: நான் ஒரு சிறிய உள்ளாட்சி மன்றத்தின் உறுப்பினர். எங்களிடம் ஆலை இல்லை, பெரிய கடைத்தெரு இல்லை, இளவயதுக்காரர்கள் பாதிப்பேர் வெளியே போய்விட்டார்கள். பக்கத்து நகரத்தைவிட எங்கள் சொத்து வரி விகிதம் அதிகம். ஆனாலும் தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் அவர்கள் வசூலில் கால்வாசிகூட எங்களுக்கு வருவதில்லை. உள்ளாட்சி நிதி முறையை மாற்றப்போவதாகச் சொல்லி அரசு கருத்துக் கேட்கிறது. ஒரு பக்க மனு, நேரில் பத்து நிமிடம். மானியத்தை உயர்த்துங்கள் என்று கேட்டால் போதுமா?

பதில்: கேட்டால் உயர்த்துவார்கள், ஒரு வருடத்துக்கு. அடுத்த பட்ஜெட்டில் கை இறுகினால் முதல் வெட்டு அதில்தான் விழும். ஆகவே தொகையை விட்டுவிட்டு, அந்தத் தொகையைக் கணக்கிடும் முறையைப் பிடியுங்கள்.

முதலில், வரி விகிதத்தைக் கூட்டியும் பணம் வராதது உங்கள் நிர்வாகக் குறை அல்ல என்பதை எண்களால் காட்ட வேண்டும். இதற்கு நான் வழக்கமாகச் சொல்வது ஒரு பழைய கணக்கு. அமெரிக்காவின் சான் அன்டோனியோ வட்டாரத்தில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். அங்கே பள்ளி மாவட்டமே சொத்து வரி விதிக்கும் ஓர் உள்ளாட்சிதான். 1967-68இல் எட்ஜ்வுட் 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி போட்டது. அந்த வட்டாரத்திலேயே அதுதான் உச்ச விகிதம். மாநில அரசின் பள்ளி நிதித் திட்டத்துக்குக் கட்ட வேண்டிய தன் பங்கு போக, ஒரு மாணவருக்கு அதன் கையில் நின்றது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் போட்டது வெறும் 85 சென்ட். நின்றதோ 333 டாலர். காரணம், ஒரு மாணவருக்கு இத்தனை என்று கணக்கிட்ட சொத்து மதிப்பு எட்ஜ்வுட்டில் 5,960 டாலர், அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கும் மேல். இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து எட்ஜ்வுட் பெற்றோர்கள் போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1973இல் ஐந்துக்கு நான்கு என்று தோற்றது. 1989இல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில் எட்ஜ்வுட் தரப்பே வென்றது. 1993இல், சொத்து வளம் மிகுந்த மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை எடுத்துப் பகிரும் சட்டம் வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ராபின் ஹூட், பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த கதை நாயகனின் பெயர்.

இதேபோல் உங்கள் ஊரின் கணக்கை நான்கே எண்களில் போடுங்கள். உங்கள் தலைக்குரிய சொத்து மதிப்பு, பக்கத்து நகரத்தினுடையது, இரண்டு வரி விகிதங்கள். மனுவின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும். ‘நாங்கள் பின்தங்கிய ஊர்’ என்று தொடங்கும் மனுக்களை அதிகாரிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்து, உங்கள் முக்கியக் கோரிக்கை. ஓர் உள்ளாட்சி உண்மையில் எவ்வளவு வசூலித்தது என்பதை மானியத்துக்கு அளவுகோலாக வைக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே பொது விகிதத்தைப் போட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்பதைத்தான் அளக்க வேண்டும். கேட்க இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், விளைவு நேர் எதிர். உண்மை வசூலைக் கழித்து மானியம் கொடுத்தால், ஓடி ஓடி வசூலிக்கும் மன்றத்துக்கு மானியம் குறையும். வரி நோட்டீஸே அனுப்பாத மன்றத்துக்குக் கூடும். பொது விகிதத்தில் அளந்தால் இந்த விளையாட்டு செல்லாது. கூடுதல் விகிதம் போட்டு வாங்கினால் அது முழுக்க உங்களுக்கு, கோட்டை விட்டால் நஷ்டமும் உங்களுக்கு.

‘மானியம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்’ என்று ஒருவர் எழுந்து பேசுவார், நிச்சயம் பேசுவார். அவருக்கு ஜப்பானைக் காட்டுங்கள். அங்கே 1954 முதல் நடக்கும் உள்ளாட்சிப் பகிர்வு வரி முறையில், அடிப்படைத் தேவை எவ்வளவு என்று கணக்கிட்டு, அதிலிருந்து பொது விகித வரி வருவாயைக் கழித்து, மீதியைத் தருகிறார்கள். கழிக்கும்போது அந்த வருவாயில் 75 சதவீதத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். புதிதாக ஒரு தொழிற்சாலை வந்து 100 ரூபாய் வரி கூடியது என்று வைத்துக்கொண்டால், மானியத்தில் 75 குறையும், 25 ஊருக்கு மிஞ்சும். முழு நூறையும் கழித்தால் எந்த மன்றம் தொழிற்சாலையைத் தேடிப் போகும்? இன்னொன்று, இதற்கான பணம் ஆண்டுதோறும் அமைச்சர் மனசு வைத்துத் தருவதல்ல. வருமான வரியிலும் நிறுவன வரியிலும் 33.1 சதவீதம், மதுவரியில் பாதி என்று சட்டத்திலேயே பங்கு எழுதியிருக்கிறது. நீங்களும் தொகையைக் கேட்காமல் பங்கைக் கேளுங்கள்.

சரி, தேவை பக்கம். இங்கேதான் சிறிய ஊர்கள் அதிகம் ஏமாறுகின்றன, ஏனென்றால் தலைக்கணக்கு நியாயமாகத் தோன்றும். ஆயிரம் பேர் ஊரைவிட்டுப் போகலாம். அவர்கள் நடந்த சாலையின் நீளம் ஓர் அடிகூடக் குறையாது. குடிநீர்க் குழாய் அதே நீளம், தெருவிளக்கு அதே எண்ணிக்கை, கட்டணம் கட்ட ஆள்தான் இல்லை. போய்விட்டவர்களின் பெற்றோர் அங்கேயே இருக்கிறார்கள், அவர்களுக்கான சேவைச் செலவு கூடுகிறது. ஸ்வீடனில் ஊர்களின் செலவுச் சுமையைச் சமன்செய்ய இதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு. குழந்தைகள் எத்தனை, முதியோர் எத்தனை, வீடுகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று, மன்றத்தின் கையில் இல்லாத காரணங்களையே அதில் எடுக்கிறார்கள். வருவாய்ப் பக்கத்தில், தலைக்கு எவ்வளவு வரி திரட்ட முடியும் என்ற வரித்திறனில் பின்தங்கிய ஊர்களைத் தேசிய சராசரியின் 115 சதவீதம்வரை தூக்கிவிடுகிறார்கள். ஜப்பானில் குளிரும் பனியும் மிகுந்த ஊர்களுக்குத் தேவைக் கணக்கிலேயே திருத்தம் உண்டு.

ஆனால் ‘போன வருடம் இவ்வளவு செலவானது’ என்பதை மட்டும் தேவையின் அளவாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். பணம் இருந்தவர்தான் செலவு செய்திருப்பார். பூங்காவே இல்லாத ஊருக்குப் பூங்காப் பராமரிப்புச் செலவு பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ‘இவர்களுக்குத் தேவை இல்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

இந்தியாவின் 15ஆவது நிதி ஆணையம் மாநிலங்களுக்கிடையே பகிர்ந்த விதத்தையும் ஒரு வரியில் சொல்லலாம். அது மாநிலங்களுக்கானது, உள்ளாட்சிக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் வருமான இடைவெளிக்கு 45 சதவீத எடையும் மக்கள்தொகைக்கு 15 சதவீதமும் வரி முயற்சிக்கு 2.5 சதவீதமும் கொடுத்தார்கள் என்பது, எடை எங்கே விழ வேண்டும் என்ற பேச்சுக்கு உதவும்.

ஊர் தன் பங்குத்தொகையைக் கட்டினால்தான் பணம், திட்ட அறிக்கைப் போட்டியில் வென்றால்தான் பணம் என்கிற திட்டங்களைக் குறைக்கச் சொல்லுங்கள். காலையில் பிறப்புச் சான்று எழுதி, மதியம் குடிநீர்க் கட்டண ரசீது போடும் அதே எழுத்தர்தான் உங்கள் ஊரில் திட்ட அறிக்கையும் தயாரிக்க வேண்டும். நகரத்தில் அதற்கு ஒரு பொறியாளர் பிரிவே உட்கார்ந்திருக்கிறது. போட்டி வைத்துக் கொடுக்கும் மானியம் யாரிடம் போய்ச் சேரும் என்று பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அரசு தரப்பில் ‘அவரவர் வரி வளர்ச்சியை அவரவரே வைத்துக்கொள்ளட்டும்’ என்ற யோசனை வந்தால் உஷாராக இருங்கள். இங்கிலாந்தில் 2013 முதல் வணிகச் சொத்து வரியில் பாதி உள்ளாட்சிகளிடமே நிற்கிறது. இல்லாதவர்களுக்குக் கூடுதல் தொகையும் உண்டுதான். ஆனாலும் கட்ட நிலமும் வர வணிகமும் உள்ள ஊருக்குத்தான் வளர்ச்சியில் ருசி அதிகம். மாற்றாக அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சொல்லுங்கள். அங்கே மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகர வட்டாரத்தின் ஏழு கவுன்டிகளில் (மாவட்டம் போன்றவை), வணிக, தொழிற்சொத்து மதிப்பு 1971க்குப் பிறகு எவ்வளவு வளர்ந்ததோ அதில் 40 சதவீதம் பொதுக் குளத்துக்குப் போய்ப் பகிரப்படுகிறது. முன்பே இருந்ததில் யாரும் கை வைக்கவில்லை, அதனால்தான் அது நிலைத்தது என்பது என் எண்ணம். உங்கள் ஊர்க்காரர்கள் வேலைக்கும் பொருள் வாங்கவும் அந்த நகரத்துக்குத்தானே போகிறார்கள்? அந்தக் கடைகளின் வரி வளர்ச்சியில் உங்கள் ஊருக்கும் பங்கு உண்டு என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சொத்து மதிப்பீட்டைக் குறித்த இடைவெளியில் புதுப்பிக்கும்படியும் எழுதுங்கள். இங்கிலாந்தில் வீட்டு வரி இன்னும் 1991 ஏப்ரல் மதிப்பின் மேல்தான் நிற்கிறது. பழைய மதிப்பு விலை ஏறிய ஊருக்கு லாபம், ஏறாத ஊருக்கு நஷ்டம்.

பணக்கார ஊர்கள் எதிர்க்கும், அதற்கும் வழி வைத்திருங்கள். ஆஸ்திரேலியாவில் இரும்புத் தாது கொழித்ததால், மத்திய அரசு பகிரும் சரக்கு சேவை வரியில் மேற்கு ஆஸ்திரேலியா என்ற மாநிலத்தின் பங்கு, தலைக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு டாலர் என்ற அளவில், 2015-16இல் 30 சென்டுக்கு இறங்கியது. கூச்சல் பெரிதாகி, 2018 சட்டத்தில் 70 சென்ட், பிறகு 75 சென்ட் என்று கீழ்வரம்பு வைத்தார்கள். அதனால் மற்ற மாநிலங்கள் இழப்பதை மத்திய அரசு ஈடுகட்ட வேண்டியதாயிற்று. எனவே நீங்களே முந்திக்கொண்டு, நான்கைந்து ஆண்டில் படிப்படியாக மாற்றலாம், எந்த ஊரும் ஒரே ஆண்டில் இவ்வளவுக்கு மேல் இழக்காது என்று ஒரு வரம்பு வைக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ‘உங்கள் ஊரில் வரி பாக்கி எவ்வளவு?’ என்று அந்தக் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கிளம்புவதற்கு முன் அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மன்ற உறுப்பினர்கள் பெயர் ஏதாவது அதில் இருந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்லுங்கள்.