ஓவியப் பக்கம்: பூவா, வடிவமா?

கேள்வி: அண்மையில் ஒரு கண்காட்சியில் பூ ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். எட்ட நின்றால் விரிந்த மலராகவும், கிட்டப் போனால் வில்வளைவுகளும் முக்கோணங்களும் தட்டையான வண்ணப் பரப்புகளுமாகவும் தெரிந்தது. இதை இயற்கை ஓவியம் என்பதா, பொருளின் உருவத்தை அப்படியே காட்டாத அரூப ஓவியம் என்பதா? இதன் தரத்தை எப்படி அறிவது?

பதில்: இரண்டில் ஒன்றில் அதை அடைத்தாக வேண்டிய கட்டாயம் கண்காட்சிப் பட்டியலைத் தயாரிப்பவருக்கு இருக்கலாம், பார்ப்பவருக்கு இல்லை. இவ்வகை ஓவியத்தில் அரூபம் பெரும்பாலும் கழித்தலால் பிறக்கிறது. இதழின் நரம்பு, நிழல், பனித்துளி, வாடத் தொடங்கிய விளிம்பு என ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகும் ஓவியர் எந்த இடத்தில் கையை நிறுத்துகிறார் என்பதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

இதைக் கண்கூடாகக் காட்டும் வரிசை ஒன்று உண்டு. அமெரிக்க ஓவியரான ஜார்ஜியா ஓ'கீஃப், சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த ‘ஜாக் இன் தி புல்பிட்’ என்னும் காட்டுப் பூவை 1930-இல் ஆறு ஓவியங்களாகத் தீட்டினார். தொடக்கத்தில் வரியோடிய மடலும் இலைகளும் அடையாளம் காணும்படி இருக்கின்றன. பிறகு மடல் பெருத்துச் சட்டம் முழுவதையும் நிறைக்கிறது. கடைசி ஓவியத்தில் நடுத்தண்டு மட்டும் இருளுக்கு நடுவே, ஒளி சூழ, செங்குத்தாக நிற்கிறது. அந்த ஆறாவது ஓவியத்தைத் தனியாகப் பார்ப்பவர் அதைப் பூ என்று சொல்லாமல் போகலாம். ஆயினும் அந்தத் தண்டின் பருமனும் மொட்டையான நுனியும் அந்தச் செடியிலிருந்தே வந்தவை. வேறு பூவிலிருந்து தொடங்கியிருந்தால் அவர் அங்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

நீங்கள் பார்த்த ஓவியத்தையும் இப்படிச் சோதிக்கலாம். எஞ்சியிருக்கும் வடிவம் ஒரு குறிப்பிட்ட பூவுக்கு உரியதா, அல்லது ரோஜா, தாமரை, டாலியா என்று எந்தப் பெயரையும் அதற்குச் சூட்டிவிடலாமா? எந்தப் பெயரும் பொருந்துமானால், அது சுவரை நிரப்பும் அலங்காரம் என்றே கருதுகிறேன். அலங்காரத்தில் தவறில்லை, ஆனால் இயற்கைக்கும் வடிவியலுக்கும் நடுவே அது பாலம் அமைக்கவில்லை.

கேள்வி: கறுப்புக் கோடுகளையும் வண்ணக் கட்டங்களையும் வரைந்த பியட் மோந்த்ரியான் பூக்களையும் வரைந்தார் என்பது உண்மையா? பூ வரைய வராததால்தான் கட்டங்களுக்குப் போனார் என்று என் நண்பர் வாதிடுகிறார்.

பதில்: உண்மைதான், உங்கள் நண்பரின் வாதம்தான் நிற்காது. 1872-இல் நெதர்லாந்தில் பிறந்த மோந்த்ரியான் ஆம்ஸ்டர்டாமில் முறையாக ஓவியம் பயின்றவர். 1908, 1909 ஆண்டுகளில் அவர் கரியிலும் நீர்வண்ணத்திலும் தீட்டிய சாமந்திப் பூக்களைப் பார்த்தால் கைத்திறனைப் பற்றிய ஐயம் எழாது. பூங்கொத்துகளை விடுத்து ஒற்றைப் பூவையே அவர் விரும்பி வரைந்தார். பூவின் கட்டமைப்பு அப்போதுதான் தெளிவாகப் புலப்படும் என்பது பிற்காலத்தில் அவரே தந்த விளக்கம்.

1911-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த கண்காட்சியில் பிக்காசோ, பிராக் ஆகியோரின் கியூபிச ஓவியங்களை, அதாவது பொருள்களைக் கோண வடிவத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் ஓவியங்களை, கண்ட பிறகு அவர் பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். 1912-இல் அவர் தீட்டிய பூத்த ஆப்பிள் மரத்தில் பூக்களே தெரிவதில்லை. கிளைகளும் அவற்றின் இடைவெளிகளும் சாம்பலும் பச்சையும் கலந்த வில்வளைவுகளாக ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அடுத்த சில ஆண்டுகளில் வளைவுகளும் மறைந்து, நேர்கோடும் செங்கோணமும் மட்டும் மிஞ்சின. அவருடைய புகழ் பெற்ற கட்டங்களைவிட, இரு கரைகளுக்கும் நடுவே நிற்கும் இந்த மரம்தான் எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

வேடிக்கை என்னவென்றால், கட்டங்கள் விலை போகாத 1920-களில் அவர் பிழைப்புக்காக மீண்டும் பூக்களை நீர்வண்ணத்தில் வரைந்து விற்றார். அதே காலத்தில் தம் பாரிஸ் அறையில் வைத்திருந்த செயற்கைத் துலிப் பூவின் இலைக்கு, பச்சை நிறம் கண்ணில் படக் கூடாதென்று, வெள்ளை பூசியிருந்தார்.

கேள்வி: பூவில் வடிவியல் உண்மையிலேயே இருக்கிறதா, ஓவியர் புகுத்துவதா?

பதில்: பூவில் இருக்கிறது; ஆனால் அளவுகோல் பிடித்த துல்லியத்தோடு இல்லை. சூரியகாந்தியின் நடுவட்டில் ஒவ்வொரு புதிய சிறுபூவும் முந்தையதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகைக் கோணத்தில் தோன்றுவதால், இடம் வீணாகாமல் எதிரெதிர்த் திசைகளில் சுருள்கள் அமைகின்றன. அவற்றை எண்ணினால் பெரும்பாலும் 34, 55, 89 என, முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசையிலுள்ள எண்கள் கிடைக்கும். லில்லிப் பூவின் ஆறு இதழ்களை உற்றுப் பார்த்தால் அவை மூன்று மூன்றாக இரண்டு அடுக்குகளில் அமைந்திருப்பது தெரியும். இந்த ஒழுங்கின் மீது காற்றும் வெயிலும் பூச்சியும் கைவைத்த பிறகுதான் பூ நம் கண்ணுக்கு வருகிறது. ஒழுங்கை மட்டும் வரைந்தால் படம் உயிரற்றுப்போகும். பிறழ்வை மட்டும் வரைந்தால் அமைப்பு கலைந்துவிடும்.

சுவீடனைச் சேர்ந்த ஹில்மா ஆஃப் க்ளிண்ட் இதற்கு வேறொரு வழி கண்டார். 1919, 1920 ஆண்டுகளில் அவர் வரைந்த தாவரத் தாள்களில், தாவரவியலாளரும் குறை சொல்ல முடியாத நீர்வண்ணச் செடிக்குப் பக்கத்திலேயே சிறு சதுரமோ வட்டமோ சுருளோ இடம்பெறுகிறது. அவருக்கு அந்த வரைபடம் செடியின் ஆன்மிக இயல்பைக் குறித்தது. அந்த நம்பிக்கையை ஏற்காதவரும், இரண்டையும் கலக்காமல் அருகருகே வைத்த அவருடைய நேர்மையை மதிக்கலாம்.

கேள்வி: இத்தகைய ஓவியத்தை நானே தீட்டிப் பார்க்க விரும்புகிறேன். கவராயத்தில் தொடங்கலாமா?

பதில்: கவராயத்தைக் கடைசிவரை பெட்டியிலேயே வைத்திருங்கள். முதலில் ஒரே பூவை நேரெதிரிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பென்சிலால் பலமுறை வரையுங்கள். நேரெதிரில் வட்டமாக இருப்பது பக்கவாட்டில் நீள்வட்டமாகிவிடும் என்பதால், எங்கிருந்து பார்ப்பது என்ற முடிவே ஓவியத்தின் வடிவியலைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. பிறகு இதழ்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களை மட்டும் வரையுங்கள். முக்கோணங்கள் தாமாகவே தலைகாட்டும். வண்ணங்களை மூன்று நான்குக்குள் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு பரப்பையும் நிழலில்லாமல் தட்டையாகப் பூசுங்கள். இவ்வளவும் ஆன பிறகு கவராயம் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் இதழையாவது அதன் வட்டத்திலிருந்து சற்றுப் பிதுங்க விடுங்கள்.