எட்டுப் பேர், ஒரு வாளி, மூன்றரை லட்சம் டாலர்

கேள்வி (ஒரு வாசகி, திண்டுக்கல்): 'இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்' பாருங்கள் என்று எழுதினீர்கள். துரத்தல் படம் என்றீர்கள். ஆரம்பத்தில் நடுரோட்டில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்களே?

பதில்: அந்தப் பேச்சுக்காகத்தான் நான் அதை இத்தனை தடவை பார்த்தேன்! கலிஃபோர்னியாவில் மலைப்பாதையிலிருந்து ஒரு கார் உருண்டு விழுகிறது. உள்ளே இருந்தவன் பழைய திருடன். பூங்காவில் பெரிய 'டபிள்யூ'வுக்கு அடியில் 3,50,000 டாலர் புதைத்திருக்கிறேன் என்று சொல்லி, பக்கத்தில் கிடக்கும் வாளியை ஓர் உதை உதைத்துவிட்டுச் சாகிறான். (இங்கிலீஷில் வாளியை உதைத்தான் என்றால் மண்டையைப் போட்டான் என்று அர்த்தமாம். அது தெரியாமல், மலைச்சரிவில் வாளி எப்படி வந்தது என்று நான் பல வருஷம் குழம்பியிருக்கிறேன்.)

நின்ற வண்டிகள் 4. கீழே இறங்கிப் போனவர்கள் 5. வண்டிகளில் வந்தவர்கள் மொத்தம் 8 பேர். இனி பாகப்பிரிவினை. வண்டிக்கு ஒரு பங்கு என்றால், லாரியில் தனியாக வந்தவருக்கு 87,500. தலைக்கு ஒரு பங்கு என்றால் அவருக்கு அதில் பாதிதான். மனைவி, மாமியாரோடு வந்தவர் வீட்டுக்கோ 1,31,250! இறங்கினவர்களுக்கு மட்டும்தான் என்றால் அதே வீட்டுக்கு 70,000. பல் டாக்டர் எல்லாவற்றையும் சேர்த்து நியாயமாக ஒரு கணக்குப் போடுகிறார். யாருக்கும் ஒத்துவரவில்லை. சரி, முந்தியவனுக்கே பணம் என்று ஓடுகிறார்கள்.

எங்கள் தாத்தா வீட்டுச் சாமான்களைப் பிரித்தபோது ஒரு பித்தளை அண்டாவில் வந்து நின்றது. மூத்தவருக்கா, பிள்ளைகுட்டி அதிகம் உள்ள வீட்டுக்கா, தாத்தாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவருக்கா? சாயங்காலம் வரை பேசினார்கள். அண்டா இன்னும் பரணில்தான் இருக்கிறது.

கேள்வி (ஒரு வாசகர், சேலம்): இயக்குநர் காமெடியில் பெரிய ஆளோ?

பதில்: ஸ்டான்லி கிராமர் சீரியஸ் பட ஆசாமி. 1961-ல் நாஜி நீதிபதிகள் மீதான விசாரணையை வைத்து 'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்' எடுத்தவர். அதில் நேர்மையான நீதிபதியாக வந்த ஸ்பென்சர் டிரேசிதான் 1963-ல் வந்த இதில் போலீஸ் கேப்டன். அந்தக் கண்ணியமான முகத்துக்கும் பண ஆசை வருகிறது பாருங்கள், அங்கேதான் கிராமர் நம்மைக் கவிழ்க்கிறார்.

கேள்வி (ஒரு வாசகர், காரைக்குடி): மூன்று மணி நேரம் உட்காரப் பொறுமையில்லை. பணம் கடைசியில் யாருக்கு? 'டபிள்யூ' எங்கே?

பதில்: சாய்ந்து நிற்கும் 4 பனைகள்தான் 'டபிள்யூ'. பணமோ, உயரத்திலிருந்து நோட்டு நோட்டாகப் பறந்து கீழே நிற்கும் கூட்டத்தின் கையில் விழுகிறது. பின்னாலேயே தீயணைப்பு ஏணியிலிருந்து, வழியில் சேர்ந்துகொண்டவர்கள், கேப்டன் உட்பட 11 ஆண்களும் மூலைக்கொருவராக வீசப்படுகிறார்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி வார்டு. எல்லோருக்கும் மாவுக்கட்டு. இனி நமக்கெல்லாம் சிரிப்பு ஏது என்று கேப்டன் நொந்துபோய்க் கிடக்கிறார். படம் முழுக்க எல்லோரையும் கரித்துக்கொட்டிய மாமியார் வசவோடு உள்ளே நுழைகிறார். தரையில் ஒரு வாழைப்பழத் தோல். மாமியார் மல்லாந்து விழ, வார்டே கட்டுகளோடு குலுங்குகிறது. கடைசியாகக் கேப்டனும்.